பட்டிப்பளை ஆற்று நாட்டின் பறவைப் பருவங்கள்

மட்டக்களப்பு வாவி என்றவுடன் பாடுமீனே பலருக்கும் நினைவுக்கு வரும். 1848ஆம் ஆண்டில் சேர் ஜேம்ஸ் எமர்சன் தெனன்ற் அவ்வொலியைத் தோணியிலிருந்து கேட்டு, 1859இல் வெளிவந்த தமது இலங்கை பற்றிய நூலில் அதனை விவரித்தார். காரைதீவிலே தோன்றிய சுவாமி விபுலானந்தர் 1947இல் அரங்கேறிய யாழ் நூலில் அதனை நீரரமகளிரின் இசையாகக் கண்டு போற்றினார். நீரின் அடியில் எழும் ஓசை இவ்வாறு நாடறிந்ததாயிற்று. அந்நீரின் மேலே ஆண்டுதோறும் வந்து தங்கி மீளும் பறவைக் கூட்டங்களுக்கோ அத்தகைய புகழ் வாய்க்கவில்லை. ஆயினும் அவற்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாறு அறிஞரின் நூல்களிலே ஒரு பாதியும், உழவர் மீனவரின் பேச்சிலே மறு பாதியுமாகப் பிரிந்து கிடக்கிறது.

வாவியின் தென்கோடி கல்முனைப் பகுதியை எட்டுகிறது. அங்கே, கல்முனைப் பட்டினத்துக்கும் மருதமுனைக்கும் இடையில், கடற்கரையை ஒட்டி அமைந்திருப்பது பாண்டிருப்பு. திரௌபதை அம்மன் ஆலயத்தாலும் அங்கு நிகழும் தீமிதிப்பாலும் பெயர் பெற்ற ஊர் அது. கிழக்கே கடல், நடுவே தென்னஞ்சோலைகளிடையே ஊர், மேற்கே பரந்த வயல்வெளி, அதற்கப்பாற் சதுப்பும் வாவியும். சில மைல் தூரத்துக்குள் இத்தனை நிலவகைகள் அடுத்தடுத்து அமைந்திருப்பதே இவ்விடத்துப் பறவைச் செல்வத்துக்கு முதற் காரணமாகும்.

மற்றொரு காரணம் ஆறு. பதுளைக்குக் கிழக்கேயுள்ள மலைநாட்டிலே தோன்றி, ஏறக்குறைய 108 கிலோமீற்றர் ஓடி, கல்முனைக்குத் தெற்கே கடலோடு கலக்கிறது பட்டிப்பளை ஆறு. கல்லோயா என்று இன்று பெரிதும் வழங்குவது இதுவே. இதன் பள்ளத்தாக்கு மலையடிவாரத்திற் குறுகிய காடாகத் தொடங்கி, கடலை அணுகும்போது விசிறிபோல் விரிந்து வயலாகிறது. தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களில் வாழ்ந்து, ஒரே வாய்க்கால் நீரைப் பகிர்ந்து, அவ்வயல்களைத் தலைமுறை தலைமுறையாக விளைவித்து வந்துள்ளனர். அங்கே வட்டை என்றால் வயற்பரப்பு. களவெட்டி என்றால் சூடு மிதிக்கும் களம். வயலைச் சுற்றி வளர்ந்த அச்சொல்வளத்தோடு சேர்ந்தே பறவைகள் பற்றிய அறிவும் வளர்ந்தது.

பண்டைத் தமிழர் நிலத்தை ஐந்திணையாகப் பகுத்தபோது, தெய்வத்தையும் உணவையும் மரத்தையும் போலவே புள்ளையும் ஒவ்வொரு திணைக்கும் கருப்பொருளாக வகுத்தனர். நெய்தலுக்குக் கடற்காக்கை, மருதத்துக்கு நாரையும் குருகும் தாராவும். பாண்டிருப்பைப் போன்ற ஓர் ஊரில் இவ்விரு திணைகளும் ஒரு தெருவின் இரு முனைகளில் நிற்கின்றன. மருதத்துக்குரிய புள்ளாக இலக்கணநூலார் எண்ணிய தாரா என்னும் சொல், இலங்கைத் தமிழரின் நாவில் இன்றும் அன்றாடச் சொல்லாகவே வழங்குகிறது. ஒரு பறவையின் பெயர் இத்துணை நீண்ட காலம் அழியாது நிற்பதற்குக் காரணம், அப்பறவை ஆண்டுதோறும் கண்ணிற் பட்டுக்கொண்டிருந்ததே.

இப்பகுதியின் பறவை ஆண்டு சித்திரையிலே தொடங்குவதில்லை. அது புரட்டாதியிலே தொடங்குகிறது. கச்சான் காற்றின் வெப்பம் தணிந்து, தரிசாகக் கிடந்த மேட்டு வயல்களை உழவுக்கு ஆயத்தஞ் செய்யும் காலம் அது. அப்போதே வடக்கிலிருந்து முதற் பயணிகள் வந்து சேர்கின்றன. தகைவிலான் குருவிகள் தந்திக் கம்பிகளில் வரிசையாக அமர்கின்றன. நீலவாற் பஞ்சுருட்டான்கள் வயலின் மேலே சுழன்று பூச்சி பிடிக்கின்றன. ஈரங்கண்ட வரப்போரங்களில் உள்ளான்கள் இறங்குகின்றன. கூர்வால் உள்ளான் எனப்படும் இனம் சைபீரியாவின் சதுப்பு நிலங்களிற் குஞ்சு பொரித்துவிட்டு, ஆசியாவின் நெடும் பரப்பைக் கடந்து, இந்த நெல்வயலின் சேற்றிலே அலகை ஊன்றிப் புழு தேடுகிறது.

ஐப்பசி பிறக்கும்போது வருவது ஆறுமணிக்குருவி. பச்சையும் நீலமும் செம்மையும் மஞ்சளும் விரவிய சிறு பறவை இது. இமயத்தின் அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் இனம் பெருக்கிவிட்டு, மாரிக்கு முன்னர் இலங்கையை அடைகிறது. இரவிலே பறந்து வருவதால், களைத்துப்போன பறவைகள் வீட்டு முற்றங்களிலும் தாழ்வாரங்களிலும் விழுந்து கிடப்பதுண்டு. விடியலிலும் அந்தியிலும் ஏறக்குறைய ஒரே வேளையில் இது குரல் எழுப்புவதாலேயே இப்பெயர் எய்திற்று. கடிகாரம் அரிதாயிருந்த காலத்துக் கிராம மக்கள், பறவையின் நிறத்தைக் கொண்டு பெயரிடாது அதன் நேரத்தைக் கொண்டு பெயரிட்டனர். கூர்ந்து கேட்டவர்க்கன்றி இத்தகைய பெயர் தோன்றாது.

அதே நாட்களில் தோப்புகளிலே வால்குருவியும் காணப்படும். இதில் ஒரு நுட்பம் உண்டு. செம்பழுப்பு நிறம் மாறாத வால்குருவி இலங்கையிலேயே நிலையாக வாழ்வது. வளர்ந்த ஆண் தூய வெண்ணிறமாய், நீண்ட நாடா போன்ற வாலோடு காட்சியளிப்பது இந்தியாவிலிருந்து மாரிக்கு வந்து போகும் கிளையைச் சேர்ந்தது. ஆகவே கல்முனைத் தோட்டமொன்றில் வெள்ளை வால்குருவியைக் கண்டவர், கடல் கடந்து வந்த விருந்தாளியையே காண்கிறார் எனலாம்.

கார்த்திகையிலும் மார்கழியிலும் வாடைக்காற்றோடு பெருமழை பொழிகிறது. இலங்கையின் கிழக்குக் கரை தன் மழையிற் பெரும்பகுதியை இம்மாதங்களிலேயே பெறுகிறது. வாய்க்கால்கள் கரைபுரள, வயலும் சதுப்பும் வாவியும் ஒரே நீர்ப்பரப்பாகத் தோன்றும் வேளை அது. அப்போது வட ஆசியாவிலிருந்து நீலச்சிறகுத் தாராக்களும் ஊசிவால் தாராக்களும் கூட்டங் கூட்டமாக வந்திறங்குகின்றன. சீழ்க்கையொலி எழுப்பிப் பறக்கும் உள்ளூர்ச் சிறு தாராக்கள் அவற்றோடு கலக்கின்றன. இளம் பயிரின் மேலே மீசை ஆலாக்கள் தாழப் பறந்து, நீரின் மேற்பரப்பைத் தொட்டுத் தொட்டு இரை எடுக்கின்றன. கடல் கொந்தளித்துத் தோணிகள் கரையேறியிருக்கும் அந்நாட்களில், மீனவனுக்கு ஓய்வு. பறவைகளுக்கோ அதுவே உச்சப் பருவம்.

தையும் மாசியும் அறுவடைக் காலம். கதிர் முற்றத் தொடங்கியதுமே கிளிகளும் நெற்குருவிகளும் வயலை முற்றுகையிடும். அவற்றை ஓட்டுவதற்குப் பரணும் வெருளியும் வேண்டும். கவணும் குரலும் வேண்டும். இரவுக் காவலுக்கு உதவியாய் நிற்பது ஆட்காட்டி. மனிதனோ விலங்கோ அணுகினால் அது கத்திக் காட்டிக்கொடுக்கும், அதனாலேயே அப்பெயர். அறுவடை முடிந்த ஒட்டுத் தாள் வயலிலே கொக்குகளும் நாரைகளும் நிறைகின்றன. அலகின் நடுவே இடைவெளியுள்ள நத்தைகொத்தி நாரை, வயல் நத்தையை ஓட்டிலிருந்து பிரித்தெடுத்து உண்கிறது. நத்தை பயிருக்குத் தீங்கு செய்வது. ஆதலால் இந்த நாரை உழவனுக்குக் கூலி பெறாத காவற்காரன். வெட்டவெளிப் புற்றரைகளில் பொன்னிறப் புள்ளிகளோடு ஓடித்திரியும் உப்புக்கொத்திகள், ஆர்க்டிக் வட்டத்தை அண்டிய பனிவெளிகளிற் பிறந்தவை.

மாசிக்குப் பின் கடல் அமைதியடையக் கரைவலைப் பருவம் வருகிறது. மீன் எங்கே திரண்டு நிற்கிறது என்பதைக் கரையிலிருந்து அறிய, கடலின் மேற் பாய்ந்து விழும் ஆலாக்களைப் பார்ப்பது மீனவரின் பழைய வழக்கம். வலை கரையை நெருங்கும்போது செம்பருந்துகளும் கடற்காகங்களும் அதன் மேலே வட்டமிடும். பழுப்புத் தலைக் கடற்காகங்கள் மத்திய ஆசியாவின் உயர்ந்த ஏரிகளில் முட்டையிடுபவை. வேனில் முற்றுமுன் அவை கரையை விட்டு நீங்கிவிடும்.

பங்குனி சித்திரையில் விருந்தாளிகள் யாவும் வடக்கு நோக்கிப் புறப்படுகின்றன. உள்ளூர்க் குயிலின் குரல் ஓங்குவது அப்போதே. இலங்கையில் தமிழரும் சிங்களவரும் ஒருங்கே கொண்டாடும் சித்திரைப் புத்தாண்டின் அறிகுறியாக அக்குரலை இரு சாராரும் கொள்கின்றனர். பின்னர் கச்சான் வீசுகிறது. குளங்கள் வற்றி, எஞ்சிய நீரிலே மீன்கள் நெருங்கி நிற்க, நாரைகளும் கூழைக்கடாக்களும் நீர்க்காகங்களும் அங்கே கூடுகின்றன. இதே அம்பாறை மாவட்டத்தின் தென்னெல்லையில், பாணமைக்கு அப்பாலுள்ள குமுனை வில்லுவில், வேனிலை ஒட்டிய மாதங்களிலே நாரையும் கொக்கும் கரண்டிவாயனும் அரிவாள்மூக்கனும் ஆயிரக்கணக்கிற் கூடு கட்டுகின்றன. 1938இல் பறவைச் சரணாலயமாக்கப்பட்ட அவ்விடம், 2010இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் பட்டியலிற் சேர்க்கப்பட்டது.

இவ்வாறு வருவனவும் போவனவும் எங்கிருந்து வருகின்றன, எங்கே போகின்றன என்பதை மனிதர் அறிந்துகொண்டது மிக அண்மையிலேயே. சில பறவைகள் குளிர்காலத்திற் பொந்துகளில் ஒடுங்கி உறங்குகின்றன என்று கிரேக்க ஞானி அரிஸ்டோட்டில் எழுதினார். ஈராயிரம் ஆண்டுகள் ஐரோப்பாவிற் பலர் அதனை நம்பினர். நாரையைத் தூது விடுத்த நம் சத்திமுத்தப் புலவரோ, அது தென்குமரிக்குச் சென்று வடதிசைக்கு மீளும் பறவை என்பதைத் தெளிவாக அறிந்திருந்தார். 1822இல் ஜெர்மனியின் மெக்லன்பேர்க் நாட்டிலே சுட்டு வீழ்த்தப்பட்ட ஒரு நாரையின் கழுத்தில், ஆப்பிரிக்க மரத்தாலான அம்பு ஊடுருவி நின்றது. அந்நாரை ரொஸ்டொக் பல்கலைக்கழகத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. பறவைகள் கண்டம் விட்டுக் கண்டம் செல்கின்றன என்பதற்கு அது கண்கூடான சான்றாயிற்று. 1899இல் டென்மார்க்கின் வீபோ நகரத்து ஆசிரியராகிய ஹான்ஸ் கிறிஸ்தியன் மோர்ட்டன்சன், முகவரியும் இலக்கமும் பொறித்த அலுமினிய வளையங்களைப் பறவைகளின் காலில் இட்டுப் பறக்கவிட்டார். இன்று உலகெங்கும் நடைபெறும் வளையமிடும் ஆராய்ச்சி, அப்பள்ளி ஆசிரியர் தொடங்கிவைத்ததே.

இலங்கைப் பறவைகள் நூலேறிய வரலாற்றை இனி நோக்கலாம். அதன் முற்பகுதி கிழக்கு மாகாணத்தோடு தொடர்புடையது. 1660இல் திருகோணமலைக்கு அண்மையிலுள்ள கொட்டியாரக் குடாவிற் சிறைப்பட்ட ஆங்கிலேயராகிய றொபேட் நொக்ஸ், ஏறக்குறைய 20 ஆண்டுகள் கண்டி இராச்சியத்திற் காவலிலிருந்து தப்பிச் சென்று, 1681இல் இந்நாட்டைப் பற்றி நூலொன்றை வெளியிட்டார். அதில் இங்குள்ள விலங்குகளோடு பறவைகளையும் அவர் குறித்தார். எனினும் அது பயணியின் குறிப்பேயன்றி ஆராய்ச்சியன்று.

ஒல்லாந்தர் காலத்திலே, 1752 முதல் 1757 வரை தேசாதிபதியாயிருந்த யோகான் கிடியோன் லோட்டன், பீற்றர் கொர்னேலிஸ் டி பெவேரே என்னும் ஓவியரைக் கொண்டு இலங்கைப் பறவைகளை வண்ணத்தில் வரைவித்தார். அவ்வோவியங்கள் ஐரோப்பாவை அடைந்து, இயற்கை நூலார் பலருக்கு ஆதாரமாயின. நீண்டு வளைந்த அலகுடைய தேன்சிட்டு ஒன்றுக்கு லின்னேயஸ் 1766இல் லோட்டனின் பெயரைச் சூட்டினார்.

ஆங்கிலேயர் ஆட்சியிலே, 1846 அளவில் இலங்கைக்கு வந்த எட்கர் லியோபோல்ட் லயார்ட் என்பவர் சில ஆண்டுகள் தங்கிப் பறவைகளைச் சேகரித்தார். இலங்கையிலே பிறந்த இராணுவ வைத்தியர் எட்வேட் பிரெடறிக் கெலாட் 1852இல் இந்நாட்டு விலங்குகளைப் பற்றி நூல் வெளியிட்டார். பின்னர் பீரங்கிப் படை அதிகாரியாக 1868இல் வந்த வில்லியம் வின்சென்ற் லெக், திருகோணமலையிலும் பணியாற்றியபோது கிழக்குப் பறவைகளை நேரிற் கண்டு ஆராய்ந்தார். அவர் இயற்றிய இலங்கைப் பறவைகளின் வரலாறு 1878 முதல் 1880 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. 1925இல் சிவில் சேவை அதிகாரி டபிள்யூ. ஈ. வெயிற் எழுதிய கைந்நூலும், கொழும்பு நூதனசாலையிற் பணியாற்றிய ஜீ. எம். ஹென்றி தாமே படம் வரைந்து 1955இல் வெளியிட்ட வழிகாட்டியும் அதன் வழிவந்தவை. 1943இல் இலங்கைப் பறவைக் கழகமும், 1976இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த களப் பறவையியற் குழுவும் தோன்றின. இலங்கையில் 500க்கு மேற்பட்ட பறவையினங்கள் காணப்பட்டுள்ளன என்று இன்று கூற முடிவது, இவர்கள் யாவரதும் உழைப்பின் பயனே.

ஆயினும் இந்நூல்களின் அடியிலே மற்றொரு கூட்டத்தாரின் உழைப்பும் மறைந்துள்ளது. லயார்ட் 1854இல் புதிய ஈப்பிடிப்பான் ஒன்றை விவரித்து, அதற்கு முத்து என்னும் பெயரைச் சேர்த்து இலத்தீனிற் பெயரிட்டார். முத்து என்பவர் அவருடைய பணியாளர். பருத்தித்துறையிலே அப்பறவையைக் கொண்டுவந்து கொடுத்தவர் அவரே. தம்மிடமுள்ள சிறந்த பறவைகளுட் பலவற்றை அவருடைய பொறுமைக்கும் விடாமுயற்சிக்கும் கடன்பட்டே தாம் பெற்றதாக லயார்ட் நன்றியோடு எழுதினார். முத்துவின் ஊரோ குடியோ பறவைகளைப் பற்றி அவர் அறிந்திருந்தவையோ அந்நூற்குறிப்பில் இல்லை. வடகிழக்கு இந்தியாவிலும் தென்சீனத்திலும் இனம் பெருக்கி இலங்கைக்கு மாரியில் வரும் அச்சிறு பழுப்புப் பறவை, உலக அறிவியலில் இன்றும் அத்தமிழ்ப் பெயரையே தாங்கி நிற்கிறது.

லெக்கின் பெருநூலிலும் இதற்கு ஒப்பான சான்று உண்டு. ஒவ்வொரு பறவையின் விவரத்தோடும், இலங்கையில் வழங்கிய சிங்கள, தமிழ், போர்த்துக்கேயப் பெயர்களை அறிந்தவரையில் அவர் சேர்த்துக் கொடுத்தார். அப்பெயர்களை அவருக்குச் சொன்னவர் யார்? வேட்டைக்கு வழி காட்டியவரும், தோணி செலுத்தியவரும், வயலிற் காவலிருந்தவருமே அவற்றைச் சொல்லியிருத்தல் கூடும். பறவை எங்கே இறங்கும், எந்த மாதத்தில் வரும், எந்தக் குரல் எந்தப் பறவையினது என்பவற்றை அவர்கள் முன்னரே அறிந்திருந்தனர். அவர்களிடம் இல்லாதிருந்தவை ஏடும் தேதியும் மட்டுமே. அறிஞர் கொண்டுவந்தவையும் அவையே. இரண்டும் கூடியபோதே பறவையியல் பிறந்தது.

இருபதாம் நூற்றாண்டில் இப்பள்ளத்தாக்கின் தோற்றம் வேகமாக மாறிற்று. ஆங்கிலேய அதிகாரிகளுக்கு உள்ளான் சுடுதல் விருப்பமான விளையாட்டாயிருந்தது. மாரிக்கால வயல்களே அதற்குக் களம். 1937ஆம் ஆண்டின் விலங்கினத் தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அடுத்த ஆண்டில் நடைமுறைக்கு வந்து, வேட்டைக்கு வரம்பு கட்டியது. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டு, இங்கினியாகலையில் ஆற்றை மறித்து அணை எழுப்பப்பட்டது. அதனால் உருவான சேனாநாயக்க சமுத்திரம் இலங்கையின் மிகப் பெரிய நீர்த்தேக்கமாகும். அதன் நீரேந்து பகுதியைக் காக்கும்பொருட்டு 1954இல் கல்லோயாத் தேசிய வனம் அமைக்கப்பட்டது. நீர்த்தேக்கத்தின் நடுவே எஞ்சி நின்ற தீவுகளிற் பறவைகள் கூடு கட்டலாயின.

இம்மாற்றம் நன்மையும் இழப்பும் கலந்தது. மாரியையே நம்பியிருந்த கீழ்ப்பள்ளத்தாக்கின் வயல்கள் பல, வாய்க்கால் நீரால் இரு போகம் விளையலாயின. கோடையிலும் ஈரம் நின்றதால் கொக்கும் நாரையும் வயலை விட்டு நீங்க வேண்டியதில்லாமற் போயிற்று. மறுபுறம், காடு பெரும்பரப்பில் வெட்டப்பட்டது. காட்டுப் பறவைகள் மேற்கே ஒதுங்கின. முன்னர் வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் ஏற்ப விரிந்தும் சுருங்கியும் வந்த சதுப்புகளின் இயல்பான தாளம் மாறிற்று. 1960களுக்குப் பின் பரவிய இரசாயனப் பூச்சிகொல்லிகளும் களைகொல்லிகளும் புழுவையும் நத்தையையும் தவளையையும் குறைத்தன. அவை குறைந்தால் அவற்றை உண்ணும் பறவைக்கு இரையில்லை என்பதை விளக்க வேண்டுவதில்லை.

இயற்கையின் சீற்றமும் மனிதரின் போரும் இதனோடு சேர்ந்தன. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதி கிழக்குக் கரையைத் தாக்கிய சூறாவளி எண்ணிறந்த தென்னைகளையும் நிழல் மரங்களையும் வீழ்த்திற்று. உள்நாட்டுப் போர்க் காலத்திலே, 1985 முதல் 2003 வரை குமுனை மூடப்பட்டிருந்தது. வயலுக்கும் வாவிக்கும் செல்வதே உயிருக்கு அஞ்சும் காரியமாயிருந்த அவ்வாண்டுகளில், பறவையை நோக்கித் தேதியிட்டுக் குறிப்பது எங்ஙனம்? 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி எழுந்த ஆழிப்பேரலை, பாண்டிருப்பு, மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் கரையோரத்தை அழித்தது. இலங்கையில் அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. அங்கு மாண்டோர் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர். பெற்றோரையும் பிள்ளைகளையும் இழந்த ஊரிலே பறவையின் இழப்பைப் பேச எவரும் முன்வரார், அது முறையுமன்று. ஆயினும், கடலைப் பார்த்து ஆலாவின் பாய்ச்சலைப் படித்த முதிய மீனவர் பலரையும் அவ்வலை கொண்டுசென்றது என்பதை நினைத்தல் வேண்டும். அவர்களோடு சென்ற அறிவு எந்த ஏட்டிலும் இல்லை.

இக்காலத்தில் எதிர்நோக்கும் இடர் ஓசையின்றி வருவது. மக்கள் நெருக்கம் மிகுந்த இக்கரையில் நிலம் அருமையானது. ஆகையால் வயலும் சதுப்பும் சிறிது சிறிதாக மண்ணிட்டு மேடாக்கப்படுகின்றன. குடியிருக்க இடம் வேண்டும் என்பது நியாயமான தேவை. ஆனால் மாரி வெள்ளம் தங்குவதற்கு அமைந்த பள்ளம் நிரம்பினால், வெள்ளம் ஊருக்குள் வருகிறது. வடக்கிலிருந்து பல்லாயிரம் மைல் பறந்து வந்த பறவையும் இறங்க இடமின்றித் திரும்புகிறது. பறவைக்குரிய இடமும் ஊரைக் காக்கும் இடமும் ஒன்றாகவே அமைந்திருத்தல் இங்குக் கவனிக்கற்பாலது.

நிலத்தோடு பெயரும் தேய்கிறது. கொக்கு, நாரை, காகம், குயில் என்னும் நான்கைந்து பெயர்களுக்கு மேல் அறியாத தலைமுறை உருவாகிவருகிறது. பெயர் தெரியாத பறவை வந்தாலும் தெரியாது. வராது நின்றாலும் தெரியாது. உள்ளானின் வகைகளைப் பிரித்தறிந்தவர், ஆறுமணிக்குருவி வந்த வாரத்தைச் சொல்லத்தக்கவர், தாராக் கூட்டம் இறங்கும் வட்டையைச் சுட்டிக்காட்டக்கூடியவர் ஆகியோர் மூப்பெய்திவிட்டனர். இன்னும் சில ஆண்டுகளில் அவர்களைக் கேட்க முடியாது.

எளிய மக்களின் அறிவு பறவைகளைக் காத்ததற்குத் தமிழ்நாட்டிலேயே சிறந்த எடுத்துக்காட்டு உண்டு. செங்கற்பட்டை அடுத்த வேடந்தாங்கலில், ஏரியின் மரங்களிற் கூடு கட்டும் பறவைகளின் எச்சம் நீரை வளமாக்கி வயலைச் செழிப்பிக்கிறது என்பதை உழவர் அறிந்திருந்தனர். பறவைகளைச் சுடலாகாது என்று அவர்கள் முறையிட்டதன் பயனாக, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆட்சியர் லயனல் பிளேஸ் அவர்களது உரிமையை எழுத்தில் ஏற்றார். அரசாங்கம் சரணாலயம் என்று அறிவித்ததோ 1936இல். உழவர் அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முற்பட்டே அதனைச் சரணாலயமாக நடத்திவந்தனர்.

ஒரே ஊரை நோக்கி எழுதிய குறிப்பும் உலகுக்குப் பயன்படும் என்பதற்கு இங்கிலாந்திற் சான்று உண்டு. செல்போர்ன் என்னும் சிற்றூரிலே பாதிரியாராயிருந்த கில்பேட் வைற், தம் ஊர்ப் பறவைகள் வந்த நாளையும் சென்ற நாளையும் பல்லாண்டு குறித்து வந்தார். 1789இல் நூலாக வெளிவந்த அவருடைய கடிதங்கள் இன்றும் படிக்கப்படுகின்றன. அவர் தொலைதூரம் சென்றவரல்லர். பெருங்கருவி எதுவும் வைத்திருந்தவருமல்லர். நாள் தவறாது நோக்கி, கண்டதைக் கண்டவாறே எழுதினார், அவ்வளவே.

பட்டிப்பளை ஆற்று நாட்டின் பாடசாலைகளும் இதனைச் செய்தல் அரிதன்று. வகுப்புக்கு ஒரு குறிப்பேடு போதும். தகைவிலான் முதலில் வந்த நாள், ஆறுமணிக்குருவியின் குரல் முதலிற் கேட்ட நாள், வயலில் எண்ணிய நாரைகளின் தொகை, மீசை ஆலாக்கள் மறைந்த வாரம் ஆகியவற்றை மாணவர் இடமும் தேதியும் இட்டு எழுதலாம். அதனினும் முதன்மையானது, ஒவ்வொரு மாணவனும் மாணவியும் தத்தம் வீட்டு மூத்தோரிடம் பறவைப் பெயர்களைக் கேட்டு எழுதுதல். பாண்டிருப்பில் ஒரு பெயரும் மருதமுனையில் வேறொரு பெயரும் வழங்கினால் இரண்டையும் எழுதுக. 1987 முதல் ஆசிய நாடுகளில் ஆண்டுதோறும் தை மாதத்தையொட்டி நிகழும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில், இவ்வூர்க் குறிப்புகளுக்கும் இடமுண்டு.

பத்து ஆண்டுகள் இவ்வாறு எழுதப்பட்ட ஏடு, எந்தச் சதுப்பைக் காக்க வேண்டும் என்று கேட்போருக்கு விடையாக நிற்கும். வெறும் வேண்டுகோளைக் காட்டிலும் தேதியிட்ட எண்ணுக்கு அலுவலகங்களில் மதிப்பு அதிகம். அன்றியும், முத்து என்னும் பணியாளர் கொண்டுவந்த பறவைக்கு அவர் பெயர் நிலைத்தது. அவர் அறிந்திருந்தவை நிலைக்கவில்லை. அவரைப் போன்று அறிந்தோர் இக்கரையில் இன்னும் சிலர் உளர். அவர்கள் சொல்லுவதை அவர்கள் பெயரோடு எழுதிவைக்க, வரும் புரட்டாதியிலே முதல் தகைவிலான் வந்தமரும்போது தொடங்கினாலும் காலம் கடந்துவிடாது.